அறியாததை என்ன செய்வது? மென்பொருளின் விரிவாக்கத் திறன் பற்றி ஓர் ஆய்வு

1. கேள்வி

ஒரு மென்பொருளை, அதை ஆக்கியவர்கள் எண்ணியிராத பயனுக்கு, அடித்தளத்தைப் பெயர்க்காமல் கொண்டுசெல்ல முடிந்தால் அதற்கு விரிவாக்கத் திறன் இருப்பதாகச் சொல்கிறோம். பயனர் கூட்டம் பெருகும்போது தாங்குவது வேறு குணம். அது அளவு சார்ந்தது, இது வகை சார்ந்தது. இந்தத் திறனைப் பற்றிய சிந்தனைக்கு அரை நூற்றாண்டு வயது. டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரை, நிரலை வேலை நடக்கும் வரிசைப்படி கூறுபோடுவதைத் தவறென்றது. மாறக்கூடும் என்று தோன்றும் ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைக்கும்படி பிரிக்க வேண்டும் என்றது. 1979இல் அவரே, விரிப்பதோடு சுருக்குவதையும் எளிதாக்குவது எப்படி என்று ஆராய்ந்தார்: பயன்தரக்கூடிய மிகச் சிறிய பகுதியை முதலில் அடையாளம் காண்க, பிறகு சிறு சிறு கூட்டல்களாக வளர்க்க என்பது அதன் சாரம். பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் வெளியிட்ட நூலில் இன்னொரு விதியைத் தந்தார்: ஒரு கூறு விரிவாக்கத்துக்குத் திறந்திருக்க வேண்டும், திருத்தத்துக்கு மூடியிருக்க வேண்டும்.

இவை செல்லாத கருத்துகள் அல்ல. ஆனால் இவற்றின் கண்முன் இருப்பது பெரும்பாலும் ஒரே குழு, ஒரே மூலநிரல் தொகுதி. கூறுகளை எழுதுபவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், குறைந்தது ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்பத் தொகுக்கவாவது முடியும். இன்று நாம் அன்றாடம் நம்பியிருக்கும் அமைப்புகள் அப்படிப்பட்டவை அல்ல. ஓர் உலாவியை ஒருவர் எழுதுகிறார், வழங்கியை இன்னொருவர் எழுதுகிறார், இடையில் அமர்ந்து போக்குவரத்தைச் சோதிக்கும் ஃபயர்வாலை மூன்றாமவர் விற்கிறார். மூவரும் சந்தித்ததில்லை, ஒருவர் புதுப்பிக்கும் நாளில் மற்றவர் புதுப்பிப்பதுமில்லை. இத்தகைய இடத்தில் விரிவாக்கத் திறனை 'எதிர்காலத்துக்கு இடம் விட்டுவைத்தல்' என்று புரிந்துகொள்வது போதாது. தனக்குத் தெரியாத ஒன்று வந்தால் ஒவ்வொரு தரப்பும் என்ன செய்யக் கடமைப்பட்டது என்ற ஒப்பந்தமே அந்தத் திறனின் உயிர். ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அது இடைவிடாமல் சோதிக்கப்பட வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம். சான்றுகளை இணைய நெறிமுறை, இயக்குதளம், படக்கோப்பு வடிவம், உலாவி ஆகிய நான்கு இடங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

2. எழுதியிருந்தும் செத்துப்போன விதி

வங்கித் தளத்துக்கும் நம் உலாவிக்கும் இடையிலான உரையாடலை மறையாக்கம் செய்வது டிஎல்எஸ் நெறிமுறை. அதன் முன்னோடியான எஸ்எஸ்எல் 3.0 1996இல் வந்தது, டிஎல்எஸ் 1.0 1999இலும், 1.1 2006இலும், 1.2 2008இலும் வெளியாயின. இந்த வரிசையில் பதிப்பு மாற்றத்துக்கான ஏற்பாடு தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. உலாவி தன்னால் இயன்ற மிக உயர்ந்த பதிப்பு எண்ணைச் சொல்லும். வழங்கி அந்த எண்ணைத் தாண்டாமல், தனக்குத் தெரிந்தவற்றில் உயர்ந்ததைத் தேர்ந்து பதில் சொல்லும். தனக்குத் தெரியாத உயர்ந்த எண்ணைக் கேட்ட வழங்கி பதற வேண்டியதில்லை. தன் எண்ணைச் சொன்னால் போதும். இதைவிட எளிய ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

ஆனால் ஒரு புதிய பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட வழங்கிகள் தமக்குத் தெரியாத எண் எதையும் ஒருபோதும் சந்திக்கவில்லை. விதியைத் தவறாக எழுதிய நிரலும் சரியாக எழுதிய நிரலும் ஒன்றுபோலவே இயங்கின; தவறு வெளிப்பட வழியே இல்லை. புதிய பதிப்பு வந்த நாளில்தான், கணிசமான வழங்கிகள் புதிய எண்ணைக் கேட்டதும் இணைப்பையே துண்டித்துவிடுவது தெரியவந்தது. உலாவிகள் ஒரு தற்காலிக வழி கண்டன: இணைப்பு அறுந்தால் பழைய எண்ணைச் சொல்லி மறுபடி முயல்வது. இந்தக் கருணை ஒரு பாதுகாப்பு ஓட்டையாக மாறியது. 2014இல் வெளிப்பட்ட 'பூடில்' தாக்குதல் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது: நடுவில் இருக்கும் எதிரி இணைப்பை வேண்டுமென்றே அறுத்து, உலாவியைப் படிப்படியாக எஸ்எஸ்எல் 3.0 வரை இறக்கி, அதன் பலவீனத்தின் வழியாக உள்ளே புகுந்தான். விரிவாக்க விதி மதிக்கப்படாததன் விலையைப் பயனரின் பாதுகாப்பு கொடுத்தது.

2018 ஆகஸ்டில் வெளியான டிஎல்எஸ் 1.3 இந்தத் தோல்வியின் தழும்பைத் தன் உடலிலேயே சுமக்கிறது. அதன் முதல் செய்தியில் பதிப்பு எண்ணுக்கான பழைய இடம் இன்னும் இருக்கிறது. ஆனால் அங்கே எழுதப்படுவது 1.2இன் எண். உண்மையான எண் பின்னால் வரும் ஒரு நீட்சிப் பகுதியில் இருக்கிறது. அதுவும் போதவில்லை, இடையில் இருக்கும் ஃபயர்வால்கள் அறுக்காமலிருக்க, உரையாடலின் தோற்றமே 1.2இன் பழைய உரையாடலைத் தொடர்வதுபோல் மாற்றியமைக்கப்பட்டது, தேவையே இல்லாத சில செய்திகளும் சேர்க்கப்பட்டன. ஆக, பதிப்பு எண் எழுதும் இடம் இருக்கிறது, அதைக் கையாளும் விதி இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் இனி எண்ணை மாற்றவே முடியாது. இடம் விட்டுவைப்பது போதும் என்று கருதுவோர் இந்த ஒரு பிட் வரிசையை ஆழ்ந்து பார்க்க வேண்டும்.

இதிலிருந்து பிறந்த மருந்து, என் பார்வையில், நெறிமுறை வடிவமைப்பில் அண்மைக்காலத்தின் மிக முக்கியமான எண்ணங்களில் ஒன்று. டேவிட் பெஞ்சமின் முன்வைத்து 2020 ஜனவரியில் ஆர்எஃப்சி 8701 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியான 'கிரீஸ்' என்ற ஏற்பாட்டின்படி, உலாவி தன் முதல் செய்தியில் எந்தப் பொருளும் இல்லாத மதிப்புகளைத் தற்போக்காகக் கலந்து அனுப்புகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட வழங்கி அவற்றைக் கண்டுகொள்ளாது. தவறாக எழுதப்பட்ட வழங்கி முதல் நாளே, அதை எழுதியவரின் மேசையிலேயே உடைந்துவிடும். பத்தாண்டு கழித்துப் பிறர் தலையில் விழவேண்டிய தவறு எழுதியவரிடமே திரும்புகிறது. மார்ட்டின் தாம்சனும் டாமி பாலியும் 2021இல் எழுதிய ஆர்எஃப்சி 9170 இதைப் பொதுவிதியாக்கியது: பயன்படுத்தப்படாத விரிவாக்க வழி துருப்பிடித்து மூடிக்கொள்ளும்.

எழுத்துக் குறியாக்கத்திலும் இதே கதை இன்னொரு முகத்தோடு நடந்தது. 1991இல் யூனிகோடு 16 பிட் இடத்தோடு தொடங்கியது. அது போதாது என்று 1996இல் இரண்டு அலகுகளை இணைத்து ஓர் எழுத்தைக் குறிக்கும் வழி சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் புதிய வெளியில் 2001 வரை எழுத்து எதுவும் குடியேறவில்லை. குடியேறியவையும் பெரும்பாலும் அரிய எழுத்துமுறைகளே என்பதால், ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் போதும் என்று நம்பிய நிரல்கள் நிம்மதியாக வாழ்ந்தன. மையெஸ்குயெல் தரவுத்தளத்தில் 'யுடிஎஃப்8' என்ற பெயர் கொண்ட குறியாக்கமே இந்த வெளியின் எழுத்துகளைச் சேமிக்க முடியாததாக இருந்தது. 2010இல் எமோஜிகள் அங்கே வந்தன. அன்றாடம் கோடிக்கணக்கான கைபேசிகள் அவற்றை அனுப்பத் தொடங்கிய பிறகுதான் பழைய அனுமானங்களைத் திருத்தும் நெருக்கடி எல்லோருக்கும் வந்தது. 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0 வழியாக அதே வெளியில் சேர்ந்த தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும், முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்கின் குறி உட்பட 51 வடிவங்கள், எமோஜிகள் தேய்த்துத் திறந்த பாதையில்தான் பயணம் செய்கின்றன.

3. கண்டுகொள்ளாமை என்னும் பொறி

இதுவரை சொன்னதிலிருந்து, தெரியாததைக் கண்டுகொள்ளாமல் விடுவதே நல்ல விதி என்று ஒருவர் முடிவு கட்டலாம். அது அவசரம். லினக்ஸ் கெர்னலின் வரலாறு நேர் எதிரான பாடத்தைத் தருகிறது.

கோப்பைத் திறக்க நிரல்கள் அழைக்கும் 'ஓப்பன்' என்ற அழைப்பு, ஃபிளாக் எனப்படும் குறிபிட்களின் தொகுப்பை ஏற்கிறது. கெர்னல் தனக்குத் தெரியாத பிட்களைத் தொடக்கத்திலிருந்தே பேசாமல் விட்டுவிட்டது. தாராளம்போலத் தோன்றும் இந்த நடத்தையின் விளைவு இரட்டைச் சிக்கல். பொருளற்ற பிட்களைத் தவறுதலாக அனுப்பிக்கொண்டிருந்த பழைய நிரல்கள் எங்கோ இருக்கக்கூடும்; நாளை அந்தப் பிட்டுக்குப் பொருள் கொடுத்தால் அவை உடையும். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது கெர்னல் குழுவின் உறுதியான கொள்கை. மறுபக்கம், புதிய வசதியைக் கேட்கும் நிரல் பழைய கெர்னலில் ஓடினால், கேட்டது கிடைத்ததா இல்லையா என்றே அதற்குத் தெரியாது. கெர்னல் கேட்டதை விழுங்கிவிட்டு வெற்றி என்று பதில் தரும். 2013இல் பெயரில்லாத தற்காலிகக் கோப்புக்கான ஃபிளாக்கைச் சேர்த்தபோது, பழைய கெர்னல்களில் அது நிச்சயமாகப் பிழை தரவேண்டும் என்பதற்காக, அடைவைக் குறிக்கும் பிட்டையும் அதனுள் பொதிந்துவைத்தார்கள். நினைவகத்தை இணைக்கும் 'எம்மேப்' அழைப்பிலும் இதே தொல்லை. தெரியாத ஃபிளாக்கை மறுப்பதற்கென்றே ஒரு புதிய வகையை 4.15 பதிப்பில் உருவாக்க நேர்ந்தது. கடைசியில், 2020இல் வந்த 5.6 பதிப்பில் 'ஓப்பன்ஏட்2' என்ற புதிய அழைப்பே பிறந்தது. அது தெரியாத பிட்டை ஏற்காது, பிழை என்று திருப்பும். தனக்குத் தெரிந்ததைவிட நீளமான தரவு வந்தால், மிகுதி பைட்கள் முழுதும் பூச்சியமாக இருந்தால் மட்டுமே தொடரும். புதிய அழைப்புகளை எழுதுவோர் தெரியாத ஃபிளாக்கை மறுக்க வேண்டும் என்பது இன்று கெர்னல் ஆவணத்திலேயே விதி.

1980இல் டிசிபி நெறிமுறையின் ஆவணத்தில் ஜான் போஸ்டல் எழுதிவைத்த புகழ்பெற்ற அறிவுரை, அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்பது. இணையத்தின் முதல் பத்தாண்டுகளில் அது நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. அரைகுறையாக எழுதப்பட்ட பல கணினிகள் ஒன்றோடொன்று பேச அதுவே வழி செய்தது. ஆனால் இன்று ஏற்றுக்கொண்ட குப்பை நாளை உரிமையாகிவிடும் என்பதை லினக்ஸ் காட்டுகிறது. தாராளம் என்பது வெறும் மனப்பான்மையாக இருக்கும்வரை அது எதிர்காலத்துக்கான இடத்தைத் தின்றுவிடும். எதை விடலாம், எதை மறுக்க வேண்டும் என்று வரையறுக்கப்படும்போதே அது இடத்தைக் காக்கிறது.

4. சொல்பவரே தரத்தைச் சொல்லும் ஏற்பாடு

கண்டுகொள்ளாதே என்கிறது ஒரு சான்று, மறுத்துவிடு என்கிறது இன்னொன்று. இந்த முரணை அழகாகத் தீர்த்தவர்கள் பிஎன்ஜி படக்கோப்பின் வடிவமைப்பாளர்கள். ஜிஃப் வடிவத்தின் சுருக்க முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்பட்டதை ஒட்டி 1995இல் தொடங்கி, 1996இல் டபிள்யூ3சி பரிந்துரையான வடிவம் அது. பிஎன்ஜி கோப்பு பல துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு ரோமன் எழுத்துகளில் ஒரு பெயர். முதல் எழுத்து பெரிய எழுத்தானால், அந்தத் துண்டைப் புரிந்துகொள்ளாதவர் படத்தைக் காட்ட முயலக்கூடாது. சிறிய எழுத்தானால், புரியாதவர் அதைத் தாண்டிப் போகலாம். நான்காம் எழுத்து இன்னும் நுட்பமானது: படத்தைத் திருத்திச் சேமிக்கும் மென்பொருள், தனக்குப் புரியாத ஒரு துண்டைப் புதிய கோப்புக்கு நகலெடுக்கலாமா, கைவிட வேண்டுமா என்பதை அது சொல்கிறது. புரியாததைக் காட்டுவது ஒரு கடமை, புரியாததைப் பிறருக்காகப் பத்திரமாகக் கொண்டுபோவது வேறொரு கடமை என்று இரண்டையும் அவர்கள் பிரித்தறிந்திருந்தார்கள். நான் அறிந்த வடிவமைப்புகளில் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தெளிவான சிந்தனையைக் கண்டதில்லை. இங்கே 'விடு' அல்லது 'மறு' என்ற முடிவு கேட்பவரின் ஊகத்துக்கு விடப்படவில்லை. சொல்பவரே அதை அறிவிக்கிறார். டிஜிட்டல் சான்றிதழ்களின் எக்ஸ்.509 மூன்றாம் பதிப்பும் ஒவ்வொரு நீட்சிக்கும் 'இன்றியமையாதது' என்ற அடையாளத்தை வைத்து இதே வேலையைச் செய்கிறது.

அதன் பலனை அசையும் படங்களின் கதையில் காணலாம். பிஎன்ஜி குழு அசைவுப் படங்களுக்கென எம்என்ஜி என்ற தனி வடிவத்தை 2001இல் முழுமையாக்கியது. வசதிகள் நிறைந்த அந்த வடிவத்துக்குத் தலைப்பு அடையாளமே வேறு; ஆகையால் பழைய மென்பொருளுக்கு அது முற்றிலும் அந்நியம். பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வெளியிட்ட மொசில்லா அதற்கான ஆதரவைச் சேர்த்துவிட்டு, பிறகு நீக்கியது. 2004இல் மொசில்லாவைச் சேர்ந்த இருவர் வேறு வழியில் போனார்கள்: அசைவுக்கான தகவலைச் சிறிய எழுத்தில் தொடங்கும் துண்டுகளில் வைத்தார்கள். புதிய உலாவியில் படம் அசையும். பழையதில் ஒரு நிலைப்படமாக ஒழுங்காகத் தெரியும். 2007இல் பிஎன்ஜி குழு இந்த 'ஏபிஎன்ஜி'யை வாக்கெடுப்பில் நிராகரித்தது. ஆனால் குழுவே 1996இல் எழுதிய விதி அதை வாழவைத்தது. 2025 ஜூனில் பிஎன்ஜியின் மூன்றாம் பதிப்பு அதை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது.

5. எல்லையற்ற திறப்பின் விலை

ஒப்பந்தமே இல்லாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2004இல் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. அதன் இடைமுகம் சூல் என்ற குறிமொழியில் எழுதப்பட்டிருந்தது. துணைநிரல்கள் அந்த இடைமுகத்தின்மேல் தம் அடுக்கைப் போர்த்தவும், உலாவியின் உள்ளேயிருக்கும் எந்தச் செயற்கூறையும் மாற்றி எழுதவும் முடிந்தது. ஃபயர்பக், நோஸ்கிரிப்ட், கிரீஸ்மங்கி போன்ற துணைநிரல்கள் அந்தச் சுதந்திரத்தில் பிறந்தவை. பிற்காலத்தில் எல்லா உலாவிகளிலும் இடம்பெற்ற நிரலாளர் கருவிகளுக்கு ஃபயர்பக்கே பெரிதும் வழிகாட்டி. ஆனால் துணைநிரல் தொடக்கூடிய ஒவ்வொரு உள்விவரமும் மெல்ல மெல்ல வெளியாருக்குக் கொடுத்த வாக்குறுதியாக மாறியது. ஓர் இடைமுகத்துக்குப் போதிய பயனர்கள் சேர்ந்தால், வெளியே தெரியும் அதன் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்று ஹைரம் ரைட் கண்டது இங்கே முழுதும் பொருந்துகிறது.

இணையப் பக்கங்களைத் தனிச் செயல்முறையில் ஓட்டும் மாற்றத்தைக் கொண்டுவந்தபோது சிக்கல் முற்றியது. துணைநிரல்கள் பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகக் கருதி எழுதப்பட்டவை. 2016 ஆகஸ்டில் வந்த 48ஆம் பதிப்பில், இந்த மாற்றம் முதலில் துணைநிரல் இல்லாத பயனர்களுக்கே தரப்பட்டது. விரிவாக்கத்தை அதிகம் பயன்படுத்தியவர்களுக்கே வளர்ச்சி தாமதமானது. 2015 ஆகஸ்டில் அறிவித்தபடி, 2017 நவம்பர் 14 அன்று வெளியான 57ஆம் பதிப்பில் மொசில்லா பழைய முறையை நிறுத்தி, குரோமின் முறையை ஒத்த வரையறுக்கப்பட்ட இடைமுகத்துக்கு மாறியது. பல துணைநிரல்கள் திரும்ப எழுத வழியின்றி மறைந்தன. அந்த இழப்பைப் பாதுகாப்பின் பெயரால் சிறிதாக்கிப் பேசுவது நேர்மையல்ல. ஆயினும், மூடாமலிருந்தால் உலாவியே உறைந்து நின்றிருக்கும் என்ற மொசில்லாவின் மதிப்பீடு சரி என்றே கருதுகிறேன். எங்கும் திறந்திருந்த அமைப்பு அதன் உரிமையாளர்களாலேயே மாற்ற முடியாததாகிவிட்டது.

6. மறுப்புகள்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, பதிப்பு எண் ஒன்று போதுமே என்பது எளிய மறுப்பு. டிஎல்எஸ்ஸில் இருந்தது அதுதான், தோற்றதும் அதுதான். தேவை வரும் முன் எதையும் கட்டாதே என்ற பழகிய அறிவுரை இன்னொன்று. எதிர்காலத்தை ஊகித்துக் கட்டிய அடுக்குகள் பெரும்பாலும் வீண் என்பதை ஏற்கிறேன். ஆனால் இங்கே முன்வைக்கும் ஒப்பந்தத்துக்கு ஊகம் தேவையில்லை. 1996இல் பிஎன்ஜியை எழுதியவர்கள் ஏபிஎன்ஜியைக் கற்பனை செய்யவில்லை. தெரியாதது வரும் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

வலுவான மறுப்பு எச்டிஎம்எல்லிலிருந்து வருகிறது. தெரியாத குறிச்சொல்லைத் தாண்டிப் போ என்ற ஒற்றை வழக்கத்தோடு, சோதனையோ கண்டிப்போ இல்லாமல், அது பல பத்தாண்டுகள் விரிந்துகொண்டே வந்திருக்கிறதே? இரண்டு காரணங்கள் தெரிகின்றன. 1990களின் உலாவிப் போட்டியில் புதிய குறிச்சொற்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன; யாரும் சோதிக்காமலேயே சோதனை அன்றாடம் நடந்தது. அடுத்து, அங்கே இறுதி வாசகர் மனிதர். ஒரு குறிச்சொல் விடுபட்டாலும் உள்ளே இருந்த உரை வாசிக்கக் கிடைத்தது. இந்த இரண்டாம் காரணம் பொருந்தாத இடத்தில் அந்த வழக்கமும் சறுக்கியது. ஜாவாஸ்கிரிப்ட் வந்தபோது, பழைய உலாவிகள் அதன் குறிச்சொல்லைத் தாண்டிவிட்டு உள்ளே இருந்த நிரலை எழுத்தாகப் பக்கத்தில் கொட்டின. அதைத் தடுக்கப் பக்க ஆசிரியர்கள் நிரல் முழுவதையும் குறிப்புரை அடையாளங்களுக்குள் ஒளித்துவைத்தார்கள். தாண்டிப் போ என்றால் எதுவரை தாண்டுவது என்பதையும் ஒப்பந்தம் சொல்லியிருக்க வேண்டும்.

'கிரீஸ்' மீதும் ஒரு நியாயமான ஐயம் உண்டு. பொருளற்ற மதிப்புகள் என்று ஒதுக்கப்பட்டவை ஒரு குறித்த வடிவத்தில், ஒவ்வொரு புலத்திலும் சொற்ப எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. சோம்பேறியான நிரலாளர் அவற்றை மட்டும் பட்டியலிட்டு விட்டுவிட்டு, மற்ற தெரியாத மதிப்புகளைக் கண்டதும் முன்போலவே இணைப்பை அறுக்கலாம். ஆவணம் அதைத் தடைசெய்கிறது. ஆனால் தடை என்பதும் எழுதிவைத்த விதிதான். இந்த ஓட்டையை ஏற்பாட்டின் உள்ளிருந்தே முழுதாக அடைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையான புதுமைகள் இடையிடையே வந்துகொண்டிருப்பதே துணை. 2021இல் தரமான க்விக் நெறிமுறை இன்னும் கடுமையான வழியைத் தேர்ந்தது: தன் தலைப்புகளின் பெரும்பகுதியை மறையாக்கம் செய்து, இடையில் இருப்பவர்கள் பார்த்து ஊகிக்கும் வாய்ப்பையே குறைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர்களுக்கு உரையாடல் தெரியாமல் செய்வது அதன் வழி.

எஞ்சுவது மிகக் கனமான மறுப்பு: ஒப்பந்தத்தை எழுதுவது யார்? 2018இல் முன்வைக்கப்பட்ட குரோமின் 'மேனிஃபெஸ்ட் வி3' திட்டம், ஒவ்வொரு வலைக் கோரிக்கையையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைச் சாதாரணத் துணைநிரல்களிடமிருந்து எடுத்து, முன்கூட்டியே அறிவிக்கும் விதிகளை மட்டும் அனுமதித்தது. வேகமும் அந்தரங்கமும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள், இரண்டும் பொய்யல்ல. ஆனால் விளம்பரத் தடுப்பான்கள் நம்பியிருந்த அதிகாரம் பறிபோனது விளம்பர வருவாயை நம்பும் நிறுவனத்தின் உலாவியில். ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு வழிகளையும் வைத்துக்கொண்டது. இன்று ஒரே தடுப்பான் ஓர் உலாவியில் முழு வலிமையோடும் இன்னொன்றில் குறைந்த வடிவத்திலும் வாழ்கிறது. பிஎன்ஜி குழு மறுத்த நீட்சியால் பதினெட்டு ஆண்டுகள் அனுமதியின்றி வாழ முடிந்தது, ஏனெனில் கோப்பை வாசிக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எழுதலாம், விதியை எழுதியவர்களால் அதைத் திரும்பப் பெறவும் முடியாது. உலாவியின் துணைநிரலுக்கு அப்படியொரு வெளி இல்லை: விதியை எழுதுபவரும், அதை இயக்கும் மென்பொருளை வெளியிடுபவரும், துணைநிரல் கிடைக்கும் கடையை நடத்துபவரும் ஒருவரே.